அழுகாத சரக்கு

என் மாமாவின் டிரங்குப் பெட்டி குப்பத்துக்கு வந்து இறங்கியபோது, அழுதுகொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டு அதன் பூட்டைப் பார்த்தார்கள். பூட்டு பெரிதாக இருந்தது. அழுகை முன்பைவிடப் பலமாகத் தொடர்ந்தது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். கல்யாணம் செய்துகொள்ளாமல் உலகத்தைச் சுற்றியவர். எப்போதாவது ஊருக்கு வந்தால் எங்களுக்கெல்லாம் வாசனைச் சோப்பு கொடுப்பார். கரைந்துவிடுமே என்று அம்மா அதைத் துணிகளுக்கு நடுவில் வைத்துவிடுவாள். பம்பாயில் கப்பல் நின்றிருந்தபோது காய்ச்சல் கண்டு போய்விட்டார். அவருடன் வேலை பார்த்த ஒருவர்தான் அந்தப் பெட்டியை ரயிலில் ஏற்றி, பஸ்ஸில் ஏற்றி, பழவேற்காட்டில் படகில் ஏற்றி எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற எங்கள் குப்பத்துக்கு அப்போது வேறு வழி கிடையாது.

மாமாவுக்கு வாரிசு மூன்று தங்கைகள். பெரியம்மா தோணிரேவில் இறால் வாங்கி விற்பவள். நடுவில் அம்மா, தலையில் கூடையோடு படகேறிப் பழவேற்காட்டு மார்க்கெட்டுக்குப் போகிறவள். சின்னம்மா எளாவூரில் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை வைத்திருந்தாள். லாரிக்காரர்களோடு பேசிப் பேசிப் பாதி தெலுங்காகிவிட்டவள். மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. மூவரையும் கணக்கில் ஏமாற்றினவர்களும் கிடையாது.

நைனா, அதாவது என் அப்பா, நங்கூரக் கம்பியால் பூட்டை நெம்பித் திறந்தார். உள்ளே இரண்டு பேண்ட், ஒரு சவரப் பெட்டி, அதற்கடியில் செங்கல் மாதிரி இரண்டு தடித்த புத்தகங்கள். அம்மா ஒன்றைப் பிரித்தாள். பக்கம் பக்கமாகத் தபால் தலைகள். கிளி, கப்பல், ராணி, தென்னை மரம், மறுபடியும் ராணி.

"டிரான்சிஸ்டர் எங்க?" என்றாள் சின்னம்மா.

பெட்டி கொண்டுவந்தவர் சங்கடத்தோடு சொன்னார். மற்றவர்கள் துறைமுகத்தில் இறங்கியதும் டிரான்சிஸ்டரும் கைக்கடிகாரமும் வாங்கப் போவார்களாம். மாமா நேராகத் தபால் ஆபீசுக்குப் போய் அந்த ஊரில் என்னென்ன தலை விற்கிறதோ அத்தனையும் வரிசையாக வாங்கிக்கொண்டு வருவாராம். படிக்கத் தெரியாததால் படத்தைப் பார்த்து அடுக்கி வைத்துக்கொள்வாராம். சின்னச் சின்னத் தீவுகளின் தலைகள்கூட அவரிடம் உண்டாம்.

"ஊரு ஊரா சுத்தி இத்தத்தான் பொறுக்கினு வந்தியா அண்ணே!" என்று பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அன்றைய அழுகையிலேயே மனதார அழுத அழுகை அதுதான்.

நான் மட்டும் அழவில்லை. எனக்குக் காரணம் இருந்தது. அப்போதுதான் நான் பொன்னேரியில் பிளஸ் டூ முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு இடமும் பெற்றிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் போனவர்களெல்லாம் மதியச் சோறு சாப்பிட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்தவர்கள். அந்த மாதக் கடைசிக்குள் பயிற்சிக்கும் விடுதிக்கும் பணம் கட்டாவிட்டால் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். நான் படிப்பதில் அம்மாவுக்கு வருத்தமில்லை. ஆனால் நைனாவின் வலை மீனைவிட ஓட்டைகளைத்தான் அதிகமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. கையில் எந்தக் காசு வந்தாலும் முதலில் புது நைலான் வலை, பிறகு எறா சீசன் வந்தால் என் படிப்பு என்று அவள் முடிவு செய்திருந்தாள். எறா சீசன் என் பயிற்சிப் பள்ளியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

பழைய தபால் தலைகளை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதாக ஒரு வாரப் பத்திரிகையில் சின்ன விளம்பரம் பார்த்திருந்தேன். மெட்ராஸில் மூர் மார்க்கெட்டில் கடை. அந்த விலாசத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, மரியாதை குறைந்துவிடக் கூடாதென்று நடுவிலும் ஒருமுறை போட்டு, எந்தெந்த தேசம், எத்தனை பக்கம் என்று எழுதி, 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடித்தேன். இன்றைக்குப் படித்தாலும் அதில் ஒரு பிழையும் இருக்காது.

உடனே பதில் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறாராம். புத்தகங்களை அப்படியே வைத்திருக்க வேண்டுமாம்.

நான் அந்தப் பதிலைச் சத்தமாகப் படித்துக் காட்டியதுதான் வினையாகிவிட்டது. மெட்ராஸிலிருந்து ஒருவன் பஸ் ஏறி, படகு ஏறி இதற்காக வருகிறான் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்று செய்தி தோணிரேவுக்கும் எளாவூருக்கும் பறந்தது. சனிக்கிழமை காலையில் பெரியம்மாவும் சின்னம்மாவும் எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

"அவரு வர்றதுக்கு மின்ன பங்கு பிரிச்சிடணும்" என்றாள் பெரியம்மா.

"அதுக்கு ரெண்டு பேரும் சாப்புட்டுட்டு பேசலாமே" என்றாள் அம்மா.

"பிரிச்சிட்டு சாப்புடறோம்."

எங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. நல்ல இடத்தை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எங்கள் பக்கம் பாடு என்றால் கோயிலும் கோர்ட்டும் சேர்ந்த மாதிரி. அதை மீறி யாரும் பேச முடியாது. பெரியம்மா அந்த நியாயத்தைக் கொண்டுவந்து தபால் தலை மேல் வைத்தாள்.

"எந்தத் தலையில எறா கீது, எதுல வெறும் பாசி கீதுன்னு நமக்குத் தெரியாது. அதனால புஸ்தகத்துல ஒவ்வொரு பக்கத்தையும் மூணா பிரிக்கணும். அப்பதான் யாரு வயிறும் எரியாது."

நான் இடையில் புகுந்தேன். "பெரீமா, ஒரு ஊரு தலைங்க வரிசையா ஒண்ணா இருந்தாதான் வெல. பிரிச்சா வெறும் காகிதம்."

"ஒண்ணா இருந்தா யாரு வூட்டுல இருக்கும்? உங்கம்மா வூட்டுலதான?"

இதற்குப் பிளஸ் டூவில் பதில் சொல்லித் தரவில்லை.

பிரிக்க ஆரம்பித்தார்கள். மூன்று பெண்களும் பாயில் உட்கார்ந்து, ஐஸ் பெட்டிக்கு இறால் தரம் பிரிக்கிற வேகத்தில் பிரித்தார்கள். ஒரு தீவின் ராணிக்கு ஆறு வண்ணம் இருந்தால் ஆளுக்கு இரண்டு. நான்கு தலைகள் கிழிக்காமல் ஒட்டியிருந்த துண்டுகளை மாமா தனியாகக் கண்ணாடித் தாள் போட்டு வைத்திருந்தார். "கிழிக்கறதுக்குன்னே ஓட்ட போட்டு குடுத்துகிறான் பாரு, நல்லவன்" என்று சொல்லிக்கொண்டே சின்னம்மா சர்சர்ரென்று கிழித்தாள். மூன்றில் அடங்காமல் மீந்த தலைகளுக்கு நைனா முதுகுக்குப் பின்னால் மூன்று கிளிஞ்சல்களை மறைத்து வைத்துக்கொண்டு சீட்டுப் போட்டார். ஒரு பெரிய தலையைக் கத்தரிக்கோலால் மூன்றாக வெட்டலாம் என்று பெரியம்மா சொன்னபோது மட்டும் நான் அதன் மேல் படுத்துவிட்டேன்.

நடுவில் கடல் காற்று எழும்பியது. ஒரு ராணி எழுந்து போய்க் கோழிக் கூண்டின் மேல் உட்கார்ந்தாள். நைனா ஓடிப்போய்ப் பழைய வலையைக் கொண்டுவந்து, நெத்திலி காயப்போடும்போது காக்கைக்கு மூடுவதுபோல எல்லாவற்றையும் மூடினார். அதற்குப் பிறகு வலைக்குள் கையை விட்டு விட்டு எடுத்துப் பிரித்தார்கள். சாப்பாட்டு வேளைக்குள் மாமா ஒரு ஆயுசு முழுக்கச் சேர்த்தது மூன்று குவியலாகிவிட்டது. பெரியம்மா தன் பங்கை இறால் பொடி டப்பாவில் போட்டுக்கொண்டாள். சின்னம்மா சுருக்குப் பையில் திணித்துக்கொண்டாள். அம்மா தன்னுடையதை அரிசிப் பானைக்குள் வைத்தாள். இரண்டு புத்தகங்களும் காலியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வந்தார். முழுக்கைச் சட்டை, வெள்ளை பூட்ஸ். படகிலிருந்து இறங்கும்போதே ஒரு பூட்ஸைச் சேறு வாங்கிக்கொண்டது. கையில் ஒரு தோல் பை. அதிலிருந்து பூதக்கண்ணாடியும், மூக்கு மயிர் பிடுங்குகிற மாதிரி ஒரு இடுக்கியும் எடுத்துப் பாயில் வைத்தார். அக்கம்பக்கம் முழுக்க வாசலில் கூடிவிட்டது.

நான் காலிப் புத்தகத்தை நீட்டினேன். அவர் பிரித்தார். அடுத்த பக்கம் பிரித்தார். கடைசிப் பக்கம் வரை போனார்.

"இதுல இருந்ததெல்லாம்?"

அம்மா அரிசிப் பானையைக் கொண்டுவந்தாள்.

அந்த மனிதர் அரிசியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு தலையாக எடுத்தார். ஒரு கட்டத்தில் கை நின்றுவிட்டது. "இதோட மத்ததெல்லாம் எங்கம்மா?"

"அது தோணிரேவுல."

"இந்தப் பச்சைக்கு ஒரு சிவப்பு இருக்கணுமே?"

"அது எளாவூர்ல. செக்போஸ்ட்டுகிட்ட."

"இது நாலா ஒட்டியிருந்துதா?"

"இருந்துது சார். நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னு நாங்களே கிழிச்சி வெச்சிட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்படியே ஏரியில் இறங்கிவிடலாம் போலிருந்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உதிரியாகப் போய்விட்டதால் இதற்கெல்லாம் மதிப்பில்லை, பாவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், ஒரு மூட்டை அரிசிக்கு ஆகிற பணம் தருகிறேன் என்றார்.

அம்மா சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். மீன் விற்கிறவர்களுக்கு முதல் விலைதான் நல்ல விலை. வெயில் ஏற ஏற மீனின் கண் சிவக்கும், விலை இறங்கும். ஆனால் அதே நேரத்தில் அவர் என் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லாத குரலில், "தோணிரேவுக்குப் படகு எப்பம்மா?" என்று கேட்டார்.

அம்மாவின் வாய் மூடிக்கொண்டது.

"அரிசி மூட்ட வெலக்கி வாங்கறவரு எதுக்கு படகு நேரம் கேக்கறாரு?" என்று என் காதில் கேட்டாள். பிறகு அவரிடம், "எங்கக்காள ஒரு வார்த்த கேட்டுக்கறேன் சார்" என்றாள்.

நான்தான் அவரைத் தோணிரேவுக்கு அழைத்துப் போனேன். பெரியம்மா கரையில் உட்கார்ந்து இறால் எடை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என் தங்கச்சி குடுத்துட்டாளா?"

"இன்னும் இல்லம்மா. நீங்க குடுத்தா..."

"அவ குடுக்கட்டும். அப்பால நான் குடுக்கறேன்."

"எனக்கு பஸ்சுக்கு நேரமாச்சும்மா. இப்ப விட்டா நான் திரும்ப வர மாட்டேன்."

பெரியம்மா தராசைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒரு புது வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். "போய்ட்டு வாங்க சார். இது இன்னா மீனா, வெயிலு ஏறினா நாறிப்போறதுக்கு? டப்பாவுல கெடக்குது. ஐஸு செலவு கூட இல்ல."

சின்ன வயதிலிருந்து மத்தியான வெயிலுக்குப் பயந்தே வியாபாரம் செய்தவள் அவள். எந்தத் தரகன் கொட்டாவி விட்டாலும், கைக்கடிகாரத்தைப் பார்த்தாலும், விலையை இறக்கியாக வேண்டும். இப்போது முதன்முறையாக அழுகாத சரக்கு ஒன்று அவள் கைக்கு வந்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் இந்த ஞானம் மூன்று தங்கைகளுக்கும் பரவிவிட்டது.

மறுநாள் அவர் எளாவூருக்கும் போயிருக்கிறார். கருவாட்டுக் கடை முன்னால் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு நின்றாராம். "பெத்தக்கா இருக்கசொல்ல சின்னவ நான் முந்திக்கலாமா சார்? நல்லாவா இருக்கும்?" என்று சின்னம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அக்காவுக்கு அவள் காட்டிய முதல் மரியாதை அதுதான்.

விஷயம் எளிது. மற்ற இரண்டு பங்கும் அவர் கைக்குப் போய்விட்டால் மூன்றாவதை என்ன விலை சொன்னாலும் வாங்கித்தான் தீர வேண்டும். ஆகவே மூவரும் மூன்றாவதாக விற்கவே காத்திருந்தார்கள். பிரித்ததால் மதிப்புப் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். பிரித்ததால்தான் அந்த மனிதர் மூன்று ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தார். இதை அவர்கள் யோசித்துச் செய்யவில்லை. ஆனால் செய்துவிட்ட பிறகு யோசித்துத்தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

எனக்குத்தான் அவசரம். தபால் தலை அழுகாது. என் இடம் அழுகும். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது; அம்மா அரிசிப் பானையைத் தட்டிக்கொண்டு, "இருடி, இன்னும் ஏறட்டும்" என்கிறாள்.

"எனக்கு கெடு முடியுதும்மா."

"உனக்கு அவசரம்னு அந்தாளுகிட்ட சொல்லித் தொலச்சிடாத."

கடைசியில் நானே கிளம்பினேன். முதலில் தோணிரேவு, பிறகு எளாவூர். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டேன். "வலையில வந்த மீன பங்கு போட்டுட்டா விக்கறோம்? வித்துட்டுதான பங்கு போடறோம்? ஆளுக்கொரு கூடையா தனித்தனியா வித்தா எவன் நல்ல வெல குடுப்பான்?"

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச பொண்ணுன்னாங்க. கரையில நிக்கற பொம்பள மாரி பேசறியே" என்றாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

யார் வீட்டில் விற்பது என்று அடுத்த சண்டை. அக்கா வீட்டுக்குத் தங்கை போக மாட்டாள். தங்கை வீட்டுக்கு அக்கா வர மாட்டாள். பழவேற்காட்டு ஊருக்குள் ஒரு பாய் இருந்தார். கப்பல் வியாபாரம் செய்த பழைய குடும்பம். இப்போது கருவாடு மொத்த வியாபாரம். மூன்று பேரிடமும் சரக்கு வாங்குகிறவர் என்பதால் மூன்று பேரும் அவரைத் திட்டுவார்கள். அதனால் மூன்று பேருக்கும் அவர் பொதுவானவர். அவர் வீட்டுக் கூடம் பெரிது. காற்றும் வராது.

"இங்க ஒக்காந்து வியாபாரம் பண்றதுக்கு எனக்கு இன்னா பேஜாரு? பண்ணுங்க தங்கச்சி. நான் சும்மா ஒரு ஓரமா ஒக்காந்து பாக்கறேன்" என்றார் பாய்.

வியாபாரிக்கு மறுபடியும் கடிதம் போட்டேன். இந்தத் தடவை ஒரே ஒரு 'ரெஸ்பெக்டட்' போதும் என்று தோன்றியது.

அவர் வந்தார், சாதாரணச் செருப்போடு. மூன்று பங்கும் கூடத்துப் பாயில் கொட்டப்பட்டன. இறால் வாசனையும் சுருக்குப் பையின் புகையிலை வாசனையும் எழும்பின. ஒரு பக்கம் அரிசி உதிர்ந்தது. அவர் மண்டி போட்டுக்கொண்டு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, ராணிக்குப் பக்கத்தில் ராணி, கப்பலுக்குப் பக்கத்தில் கப்பல் என்று சேர்க்க ஆரம்பித்தார். சகோதரிகள் மூவரும் எதிரில் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைகளைப் பார்க்காமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் முகத்தைப் பார்த்தே பிழைத்தவர்கள் அவர்கள்.

"அந்தத் தென்ன மரம் வந்தப்ப மூச்ச புடிச்சாரு" என்றாள் அம்மா மெதுவாக.

"கிளிக்கு ஒண்ணும் இல்ல. கிளி மலிவு" என்றாள் சின்னம்மா.

"கப்பலு வந்தப்ப கழுத்துல வேர்த்துது. பாத்துக்க" என்றாள் பெரியம்மா.

எல்லாம் சேர்ந்து முடிந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தை வேண்டுமென்றே சப்பென்று வைத்துக்கொண்டார். நாலாகக் கிழிந்தது, இறால் பொடிக் கறை, அரிசி மாவு என்று குறைகளை அடுக்கிவிட்டு ஒரு தொகை சொன்னார். அது நான்கு மூட்டை அரிசி.

அம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, கரையில் படகு வந்து நிற்கும்போது எழுப்புகிற அதே குரலை, அந்தக் கூடத்துக்குள் எழுப்பினாள். "நாலு மூட்டைக்கி கேக்குறாரு, நாலு மூட்டைக்கி! கப்பலு கீது, தென்ன மரம் கீது, எங்க அண்ணன் ஒலகம் சுத்தி புடிச்ச மீனு, மேல யாரு?"

"அம்மா, இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன்?" என்றார் வியாபாரி.

"மேல ஒரு நூறு" என்றது ஒரு குரல்.

பாய். ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கியிருந்தார். தூக்கிய கையை அவரே ஆச்சரியமாகப் பார்த்தார். ஆயுசு முழுக்க ஏலத்தில் நின்றவர். அம்மாவின் அந்தக் குரல் கேட்டதும் கை தானாக எழுந்துவிட்டது.

"உங்களுக்கு இது எதுக்கு பாய்?" என்றார் வியாபாரி, வெளிறிப்போய்.

"எதுக்கா? நீங்க அம்மாம் தூரத்துலருந்து ரெண்டு வாட்டி வர்றீங்களே, எதுக்கு?"

"மேல நூறு போவுது!" என்றாள் அம்மா.

வியாபாரி ஒரு நூறு ஏற்றினார். பாய் ஒரு நூறு. வியாபாரி பாயை ஒருமுறை, தென்னை மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு நூறு ஏற்றினார். உள்ளே இருந்து பாயின் மனைவி திரைக்குப் பின்னால் நின்று, "வூட்டுல சக்கர இல்ல, இவரு ராணி படம் வாங்கறாரு!" என்று சத்தம் போட்டாள். பாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுபடியும் கையைத் தூக்கினார். ஏலம் என்று வந்துவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். அப்படியே ஏறி ஏறிப் போய், வியாபாரி ஒரு தொகையைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாயின் கை பாதி எழுந்தது. திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது. கை இறங்கிவிட்டது.

என்ன தொகை என்று இங்கே எழுதக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் படித்துவிடுவார்களாம். எங்கள் குப்பத்தில் அதுவரை ஒரே நாளில் யாரும் கையில் பிடித்திராத பணம் என்பதோடு விடுகிறேன்.

வியாபாரி போனபின் பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அல்லா காப்பாத்தினாரு. என் தலையில முடிஞ்சிருந்தா இத்த வெச்சி நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

பாயின் கூடத்திலேயே பணத்தை மூன்றாகப் பிரிக்க உட்கார்ந்தார்கள். அம்மா தன் பங்கு வரப்போகிற இடத்தையே பார்த்துக்கொண்டு, "நைலான் வலைக்கி மெட்ராஸ்தான் போவணும்" என்று நைனாவிடம் சொல்லத் தொடங்கிவிட்டாள். என் பெயரே அந்தப் பேச்சில் வரவில்லை. கெடு முடிய இரண்டே நாள்.

நான் நோட்டுகளின் மேல் கையை வைத்தேன்.

"மூணு பங்கு இல்ல. நாலு."

"நாலாவது யாருக்கு?" என்றாள் சின்னம்மா.

"வலைக்கி."

எங்கள் பக்கம் மீன் விற்ற பணத்தில் வலையில் இறங்கினவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. வலைக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு, அது வலைக்கு உரியவர்களுக்குப் போகும். "இந்த ஆள மெட்ராஸ்லருந்து இஸ்துகினு வந்தது எது? நான் எழுதின லெட்டரு. ரெண்டாவது வாட்டி வரவெச்சது? அதுவும் நான் எழுதினது. அதுதான் வலை. வலைக்கி பங்கு எடுத்து வெச்சிட்டு மிச்சத்த பிரிங்க" என்றேன்.

"ஒரு கவருக்கு ஒரு பங்கா? அநியாயமா கீதே!" என்று சின்னம்மா குதித்தாள். "அப்படீன்னா கூடம் குடுத்த பாய்க்கும் ஒரு பங்கு குடு! படகுக்காரனுக்கும் குடு!"

"எனக்கு வேணாம்மா" என்று பாய் அவசரமாகச் சொன்னார்.

அம்மா என்னை முறைத்தாள். சொந்த மகள் தன் பங்கையும் சேர்த்துக் குறைக்கிறாளே என்ற கோபம். ஆனால் எதிர்த்துப் பேச அவளுக்கு வழியில்லை. நைனாவின் வலைக்கு ஒவ்வொரு தடவையும் பங்கு கேட்டுச் சண்டை போடுகிறவள் அவள்தான். எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். பெட்டி திறந்த நாளிலிருந்து அவர் இந்த விவகாரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

"வலைக்கி பங்கு இல்லன்னா, அப்பால எவன் வலைய எறக்குவான்?" என்றார். அவ்வளவுதான். பீடி பற்ற வைக்க வெளியே போய்விட்டார்.

பெரியம்மா நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி நான்கு பங்காக வைத்து, ஒரு பங்கை என் மடியில் வைத்து, அதன் மேலேயே கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். "சரி. குடுக்கறோம். ஆனா பங்கு வாங்கின வலை, கூப்டப்பல்லாம் தண்ணியில எறங்கணும். சோம்பேறித்தனம் பண்ணக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அப்போது நான் எதற்கு வேண்டுமானாலும் சம்மதம் என்றிருப்பேன். அடுத்த நாளே போய்ப் பணம் கட்டினேன். குமாஸ்தா ரசீது கொடுக்கும்போது முகத்தைச் சுளித்தார். நோட்டுகளில் இறால் பொடி.

விடுதியில் மாதம் ஒரு ஞாயிறு உறவினர்கள் பார்க்க வரலாம். மற்ற பெண்களுக்கு முறுக்கும் அதிரசமும் வரும். முதல் ஞாயிற்றுக்கிழமையே பெரியம்மா வந்துவிட்டாள், கூடவே சின்னம்மாவும். கையில் ஒரு சுறாக் கருவாட்டுப் பொட்டலம். காப்பாளர் அம்மாள் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நான் நன்றாகப் படிக்கிறேனா, இளைத்துவிட்டேனா என்று இருவரும் கேட்கவில்லை. பெரியம்மா வராந்தாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து இடுப்பிலிருந்து ஒரு கட்டுத் தபால் கார்டு எடுத்தாள். மின்சார ஆபீசுக்கு ஒன்று, ரேஷன் கடைக்காரன் மேல் ஒன்று, சின்னம்மாவின் கடை வாடகை விஷயமாக ஒன்று. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். என் அறைத் தோழிகள் தூணுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் யார் வீட்டிலும் பெரியவர்கள் இப்படி வந்து காத்திருந்து எழுதி வாங்கிக்கொண்டு போகவில்லை என்பதால் எனக்கு ஒன்றும் வெட்கமாக இல்லை.

கடைசிக் கார்டை எடுத்து நீட்டும்போது பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"இது அந்த மெட்ராஸ்காரருக்கு. டப்பா மூடியில ஒண்ணு ஒட்டினு இருந்துது. கழுவசொல்லதான் பாத்தேன். கப்பலு படம்."

"பெரீமா!"

"இன்னா பெரீமா? மத்ததெல்லாம் அவருகிட்ட கீது. இது எங்கிட்ட கீது. எழுது." அவள் சுவரில் சாய்ந்துகொண்டு காலை நீட்டினாள். "அவசரம் ஒண்ணும் இல்ல, நிதானமா வரட்டும்னு எழுது."